ஒரு வளைகாப்பும் மூன்று காயிலும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று, வேளாவேளைக்குச் சர்க்கரை மாத்திரை போடுவது. இன்னொன்று, இளைய மெக்கானிக்குகள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது. முதல் வேலையை என் மனைவி ஞாபகப்படுத்துகிறாள். இரண்டாவதை விட்டுத்தொலைக்கச் சொல்லித் தினமும் திட்டுகிறாள்.

போன வாரம் அந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, கார் ஏசி கிளட்ச் காயில வீட்லயே வச்சு மாத்தலாமா? கேஸ் எறக்கணுமா?" அதற்குக் கீழே இன்னொருவர், "இப்ப வர்ற வண்டி நெறைய ஏசில கிளட்சே இல்லாம வருதுங்க, இனிமே இதைக் கத்துக்கிட்டு என்ன பண்றது" என்று எழுதியிருந்தார். கிளட்ச் இல்லாத வண்டி வந்தால் வரட்டும், நமக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "மாத்தலாம், கேஸ் எறக்க வேணாம், பெட்ரோல் போட்டு நல்லாத் தொடச்சுட்டு மாட்டுங்க" என்று தட்டிவிட்டு போனைக் கீழே வைத்தேன். வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிறவனைப் பார்த்து என் மனைவி பயந்துபோய்க் காரணம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்ட கதை சுருக்கமானது. பாண்டிச்சேரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் ஆறு வருஷம் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கட்டினேன். கார்களில் ஏசி பெருகியதும் அந்தப் பக்கம் தாவினேன். பெரிய முதலியார்சாவடியில் ஈசிஆர் ரோட்டோரமாக ஒரு கார் ஏசி ஒர்க்ஷாப்பில் சேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்து, முட்டி தேய்ந்து வெளியே வந்தேன். அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு ஃபோர்மேன் சாதிக் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிட நாலு வயதுதான் பெரியவர். முதலாளி எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார், மற்றபடி கடை என்றால் பாய்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வைத்து, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதுவார். மாட்டும்போது கடைசி நம்பரிலிருந்து திரும்பி வர வேண்டும். வட்டத்தை யாரும் மிதிக்கக் கூடாது. கடைக்கு வந்த கஸ்டமர்கள்கூட எங்கள் கடையில் கோலம் தாண்டுகிற மாதிரிதான் நடப்பார்கள்.

பாய்க்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். சாதாரணமாக எங்களை 'டேய்' என்பார், 'வாடா' என்பார், சந்தோஷமாக இருந்தால் அதைவிட மோசமாகவும் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' என்று மரியாதைக்குத் தாவிவிடுவார். அந்த 'நீங்க' காதில் விழுந்தால் நாங்கள் ஆளாளுக்கு எங்கள் வட்டத்தில் உள்ள சாமான்களை எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

எனக்கு முதல் 'நீங்க' கிடைத்தது ஒரு சர்க்கிளிப்பால். சர்க்கிளிப் என்பது புல்லி கழன்று வராமல் பிடித்துவைக்கிற ஸ்பிரிங் வளையம். அதைக் கழற்றும்போது இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் துள்ளிவிடும் என்பது பாய் போட்ட சட்டம். சேர்ந்த புதிதில் ஆறு வருஷ சர்வீஸ் திமிரில் மூடாமல் கழற்றினேன். அது பறந்துபோய்ப் பக்கத்து டீக்கடைப் பால் சட்டிக்குள் விழுந்தது. பாய் நிதானமாகப் போனார், டீ மாஸ்டரிடம் கரண்டி கேட்டு வாங்கினார், துழாவி எடுத்தார், வேட்டி முனையில் துடைத்து வட்டத்துக்குள் வைத்தார். "ஏழுமலை, நீங்க இன்னிக்கு அந்தப் பாலு முழுசுக்கும் டீ குடிக்கணும்" என்றார். கடையில் ஐந்து பேரும் சேர்ந்து சாயங்காலம்வரை குடித்துத் தீர்த்தோம். அதற்குப் பிறகு ஒரு சர்க்கிளிப்பும் என்னிடமிருந்து பறந்ததில்லை.

இனி மரக்காணத்து விஷயம். 2006 கோடை. சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது கோடை.

கலியபெருமாள் அண்ணன் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். குரலும் ஆளும் பெரிசு. பெட்டி மாதிரி ஒரு பழைய வெள்ளை டீசல் கார் வைத்திருந்தார். ஏப்ரல் கடைசியில் ஏசி வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓட்டிவந்தார். மனைவி வசந்தா அக்காவும் கூட வந்திருந்தார்.

கிளட்ச் காயில் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு புல்லி இருக்கும். இஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அது பெல்ட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தட்டு. நாம் ஏசி சுவிட்சைப் போட்டதும், புல்லிக்குப் பின்னால் உள்ள காயில் காந்தமாகி அந்தத் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தட்டு சுற்றினால்தான் கம்ப்ரஸர் சுற்றும், காற்று குளிரும். காயில் எரிந்துவிட்டால் தட்டு ஒட்டாது. மீதி எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி அடுப்புதான்.

அவர் வண்டியில் காயில் வயசாகிச் செத்திருந்தது. மாற்றினேன். நான் வேலை செய்கிறவரை வசந்தா அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். பானட்டின் கீல் துருவேறிக் கிறீச்சிட்டது. "பாரு தம்பி, எங்க ஊரு உப்புக் காத்து எதையும் விட்டு வெக்காது. இதுக்கு என்னா பண்றது?" என்றார்.

"அப்பப்ப ரெண்டு சொட்டு எண்ணெ விட்டு வையுங்கக்கா, துரு ஏறாது" என்றேன். அப்படிப் பேச்சுவாக்கில் சொன்ன வார்த்தை அது. சொன்னதை அப்போதே மறந்தும்விட்டேன்.

அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டு விசேஷமும் தெரிந்தது. ஒரே மகள் மலரைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், இப்போது மாசமாக இருந்தாள். வைகாசியில் தாம்பரத்திலேயே வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிவந்து முதல் பிரசவம் பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அக்கா ஒரு அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். "கார்ல ஜில்லுனு கூட்டியாந்துருவோம்ல தம்பி?" என்று என்னைக் கேட்டார். "ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்கக்கா" என்று வாய் வைத்தேன்.

பத்து நாளில் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு முறையாகச் சொல்லிவரப் போன புருஷனும் பெண்டாட்டியும் கடப்பாக்கம் தாண்டுவதற்குள் ஏசி போய், கத்திரி வெயிலில் வெந்து, தாம்பரம் வீட்டுக்குள் தொப்பலாக நுழைந்திருக்கிறார்கள். சம்பந்தி அம்மா மோர் கொடுத்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இந்த வெயில்ல, இந்த வண்டில, எட்டு மாசப் பொண்ண நான் அனுப்ப மாட்டேங்க. ஏசி ஓடற வண்டி வந்தா வளைகாப்பு அன்னிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி பிரசவம் இங்கயே நாங்க பாத்துக்கறோம்." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வெள்ளையடித்த அறை அங்கே காலியாக இருக்கிறது.

வாடகைக்கு வேறு வண்டி பிடிக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், போனிலேயே சொல்லவும் செய்தேன். "எம் பொண்ண எங்க வண்டிலதான்யா கூட்டியாருவேன், வாடகைக் கார்லயா வளையல் போட்டுக்கிட்டு வரும்?" என்று கலியபெருமாள் அண்ணன் கத்திய கத்தில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. உப்பு வாரும் நாட்கள் என்பதால் அவரால் வண்டியைக் கடைக்குக் கொண்டுவர முடியவில்லை. "நீதான மாட்டின? நீயே வந்து பாரு" என்றார். டூல் பையையும் ஒரு புதுக் காயிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் செய்த அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதை நன்றாகத்தான் செய்தேன். அதுதான் கொடுமை.

வண்டி கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்ப மர நிழலில் நின்றது. கொட்டகையில் உப்பளத்துப் பம்ப் சாமான்கள் இருந்தன. பாய் பழக்கப்படி தரையில் வட்டம் போட்டேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தேன். தட்டைச் சுற்றவிடாமல் ஹோல்டரால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றி, தட்டை இழுத்தேன். தட்டுக்குப் பின்னால் தண்டில் மெல்லிசாக மூன்று வாஷர்கள் இருந்தன. அவற்றை ஷிம் என்போம். காகிதம் மாதிரி இருக்கும், ஒன்று தொலைந்தாலும் இடைவெளி கெட்டுவிடும். வட்டத்துக்குள் வைத்து மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தேன். சர்க்கிளிப்பை உள்ளங்கையால் மூடிக் கழற்றினேன். புல்லரைப் போட்டுப் புல்லியை இழுத்தேன். அதற்குள்ளே இரண்டாவது சர்க்கிளிப், அதற்குப் பின்னால் காயில், கறுத்துப்போய். இதில் எங்கேயும் கேஸ் குழாயைத் தொடவே இல்லை. வீட்டு வாசலில் செய்ய முடிகிறது என்பது அதனால்தான்.

காயிலின் வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்றரை ஓம் காட்ட வேண்டியது, ஒன்றுமே காட்டவில்லை. எரிந்ததற்குக் காரணம் தேடினேன். உப்பு ஊரில் என் முதல் சந்தேகம் எப்போதும் எர்த்தின் மேல்தான். பாடியில் துரு ஏறினால் கரண்ட் திரும்பிப் போக வழி சரியாக இருக்காது, காயில் சோகையாக இழுக்கும், தட்டு வழுக்கும், சூடாகும், எரியும். தேடினால், எர்த் போல்ட்டில் துரு இருக்கத்தான் இருந்தது. பிடித்துவிட்டேன் என்று ஒரே பெருமை எனக்கு. போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயரும் இழுத்தேன். புதுக் காயிலை மாட்டி, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்து, சுவிட்சைப் போட்டதும் 'டக்'. பத்து நிமிஷத்தில் ஜில்லென்று வந்தது. வசந்தா அக்கா காற்று வருகிற துளையருகே கன்னத்தை வைத்துப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். எனக்கு வறுத்த மீனோடு சாப்பாடு போட்டார்.

ஒன்று மட்டும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். தட்டைக் கழற்றும்போது கையில் பிசுபிசுப்பு பட்டது. பழைய டீசல் வண்டியில் எண்ணெய் கசியாமல் இருக்குமா என்று வேஸ்ட் துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். காரணத்தைத்தான் கண்டுபிடித்துவிட்டோமே!

வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை கலியபெருமாள் அண்ணன் கத்தவில்லை. "எரிஞ்சி போச்சுப்பா" என்றார். பின்னால் வசந்தா அக்கா அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"அந்த மரக்காணம் வண்டி, பாய். மறுபடியும் காயில்."

பாய் சாக்பீஸைப் பையில் போட்டார். "ஏழுமலை, நீங்க நாளைக்கு எங்கூட வாங்க" என்றார். நான் போய்ப் புதுக் காயில் ஒன்றை எடுத்து டூல் பையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் பாயின் ஸ்கூட்டரில் போனோம். மரக்காணத்தில் வீட்டு வாசலிலேயே கலியபெருமாள் அண்ணன் காத்திருந்தார். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும். எம் பொண்ணு வருமா வராதான்னு உங்க கைலதான் இருக்குது" என்றார். பாய் பானட்டைத் திறக்காமல் முதலில் அவரைக் கேள்வி கேட்டார்.

"ஏசி போட்டதும் சத்தம் எதுனா வந்துச்சுங்களா?"

"வந்துச்சே, கிளி கத்தற மாதிரி. கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"எப்பவும் வருமா?"

"காலைல மொத மொத போடும்போது வரும்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதை நான் கேட்கவே இல்லை. கிளி கத்துகிறது என்றால் தட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். இரண்டு தடவை காயில் மாற்றிய நான், ஒரு தடவையும் வண்டிக்காரரை இந்தக் கேள்வி கேட்கவில்லை.

வட்டம் போட்டார், நம்பர் எழுதினார், ஒவ்வொன்றாகக் கழற்றினார். எரிந்த காயில் கைக்கு வந்ததும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். எரிந்த சாமான் எதுவானாலும் மோந்து பார்ப்பது அவர் பழக்கம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இதுல யாருப்பா அப்பளம் பொரிச்சது?" என்றார்.

நானும் மோந்து பார்த்தேன். வார்னிஷ் கருகிய நாற்றம் ஒன்று, அதற்கு அடியில் சந்தேகமே இல்லாமல் தேங்காயெண்ணெய் காய்ந்த வாசனை. பாய் தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தார். வழுவழுவென்று நீலம் பாய்ந்திருந்தது. விளிம்பில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக் குறடால் இழுத்தார். வெள்ளையாக ஒரு இழை.

"கோழி எறகு" என்றார்.

"கோழியா!" கலியபெருமாள் அண்ணன் எகிறினார். "பக்கத்து ஊட்டுக் கோழிதாங்க. அன்னிக்கே சொன்னேன், கட்டிப் போடுன்னு. இஞ்சின் உள்ள பூந்துட்டு என்னா அட்டகாசம் பண்ணியிருக்குது பாருங்க!"

எனக்கு அப்போதுதான் கொட்டகைச் சுவரில் இருந்த மாடம் கண்ணில் பட்டது. ஒரு கொட்டாங்குச்சி, அதில் பாதி எண்ணெய், அதன் மேல் ஒரு கோழி இறகு. உப்பளத்துக்காரர்கள் வீட்டில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். பம்ப், மண்வெட்டி, தாழ்ப்பாள் என்று எந்த இரும்பையும் உப்புக் காற்றில் சும்மா விட மாட்டார்கள். இறகை எண்ணெயில் தோய்த்து இடுக்கு இடுக்காகத் தடவி வைப்பார்கள். பம்புக்குப் பழைய ஆயில் போதும். மகளைக் கூட்டிவரப் போகிற வண்டிக்கு நல்ல தேங்காயெண்ணெய். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள அரை மில்லிமீட்டர் இடுக்கில் என் விரல் நகம்கூட நுழையாது, இறகின் நுனி அழகாக நுழையும்.

வாசற்படியில் வசந்தா அக்கா கையில் மோர் டம்ளர்களோடு நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன், பாயும் பார்த்தார். கலியபெருமாள் அண்ணன் மட்டும் பக்கத்து வீட்டு வேலியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"கோழி இல்லங்க" என்றார் பாய். "எறகு காத்துல வந்து ஒட்டியிருக்கும். தப்பு எங்களுது. போன தடவ மாட்டும்போது தட்டுல எண்ணெக் கை பட்டிருக்குது. அது வழுக்கி, சூடாகி, காயில எரிச்சிருச்சு. எங்க ஆளு கவனிக்காம வுட்டுட்டாரு."

எங்க ஆளு என்றால் நான். கலியபெருமாள் அண்ணன் என் பக்கம் திரும்பினார். பாக்கி வைக்காமல் திட்டினார். "யோவ், ஒன்னை நம்பித்தானய்யா எம் பொண்டாட்டி கட்டில் வாங்கிப் போட்டா! மீனு வறுத்துப் போட்டா!" என்றார். மீனைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"ஏழுமலை, நீங்க போய் ஸ்கூட்டர்லேர்ந்து பெட்ரோல் புடிச்சிட்டு வாங்க" என்றார் பாய்.

ஸ்கூட்டருக்கே பின்னால் வந்த பாயிடம் பொரிந்து தள்ளினேன். "என்னா பாய் இது? நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் திட்டு வாங்கணும்?"

"அந்தம்மா மூஞ்சியப் பாத்தல்ல? நாளைக்கு மகளைக் கூட்டப் போறவங்க. இன்னிக்கு இந்தாளு அவங்கள நாலு பேர் முன்னாடி வெச்சு வாங்குனா, நாளைக்கு எந்த மூஞ்சோட வண்டில ஏறுவாங்க? உனக்கு நாலு திட்டு, அவ்வளவுதான? சபூர் பண்ணுடா, பொறுத்துக்க." பிறகு கேட்டார்: "அது சரி, கார்ல எண்ணெ போடற யோசனை அந்தம்மாவுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்போதுதான் பானட் கீலும் இரண்டு சொட்டு எண்ணெயும் எனக்கு ஞாபகம் வந்தது. பெட்ரோல் டப்பாவின் மூடியைத் திருகினேன்.

"அந்தப் பிசுபிசுப்பைத் தொடச்சிட்டுப் போனது யாரு?"

குனிந்து பெட்ரோல் பிடிக்க ஆரம்பித்தேன். ஆனால் அவர் 'டா' போட்டுவிட்டார் என்பதைக் கவனித்தேன். உயிர் வந்தது.

தட்டையும் புல்லி முகத்தையும் பெட்ரோலில் மூன்று தடவை கழுவினோம். உப்புத்தாளால் வழுவழுப்பு போகும்வரை தேய்த்தோம். வழுக்கி வழுக்கித் தட்டு தேய்ந்திருந்ததால் இடைவெளி கூடியிருந்தது. புதுக் காயிலை உள்ளே வைத்து, மூன்று ஷிம்மில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டி, நாலு பக்கமும் கேஜ் விட்டுப் பார்த்தார் பாய். ஒரு பக்கம் லேசாக இறுக்கம். கழற்றி மறுபடி மாட்டினார். நான் அதற்குள் இரண்டு தடவை சரி என்று சொல்லியிருப்பேன். சுவிட்சைப் போட்டதும் 'டக்' என்று கனமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். கிளி கத்தவில்லை.

"ரெண்டு மணி நேரம் ஓடட்டும். நான் உள்ள ஒக்காந்து பாக்கறேன்" என்று சொல்லி, உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் வசந்தா அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, நான் அவருகிட்ட சொல்லிடறேன்பா. துரு ஏறி மறுபடி நின்னுடுமோன்னுதான் தெனமும் வெளக்கு வெச்சதும் தடவிட்டு வந்தேன். நானே எம் பொண்ணு வர்ற வழிய அடைச்சிட்டேனே" என்றார்.

"நான் சொன்னதைத்தான செஞ்சீங்க? நாளைக்குப் பொண்ணு வரட்டும்க்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மனசு லேசாக இருந்தது. மோரை வாங்கிக் குடித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கார்க் கதவைத் திறந்தால் பாய் துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "அணைச்சுத் தொலைடா, பல்லு கிட்டுது" என்றார். பிறகு கலியபெருமாள் அண்ணனிடம், "நாளைக்கு எங்க ஏழுமலை உங்க கூடவே வருவாரு. வழில எதுனா ஆனா அவரு பாத்துப்பாரு" என்று என்னைக் கேட்காமலே என்னைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். கொட்டாங்குச்சியையும் இறகையும் நான் கையோடு மாடத்திலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன்.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அண்ணன் வண்டி ஓட்ட, நான் முன் சீட்டில், அக்கா பின்னால் சீர்த்தட்டுகளுக்கு நடுவில். வழி நெடுக மூன்று பேரும் அந்தக் கிளிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். மகாபலிபுரம் தாண்டியதும்தான் அண்ணன் ஒரு பாட்டை முனக ஆரம்பித்தார். தாம்பரத்தில் வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதம். நான் புளிச்சாதம் இரண்டு தடவை வாங்கினேன்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி அம்மா கைகழுவிய ஈரத்தோடு நேரே வண்டிக்கு வந்தார். "போடுங்க பார்ப்போம்" என்றார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. நான் சுவிட்சைப் போட்டேன். அந்த அம்மா கையைக் காற்று வருகிற பக்கம் நீட்டி, வாட்சைப் பார்த்தபடி முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ கெடுபிடி கஸ்டமர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பார்த்ததில்லை. கார்க் கண்ணாடிக்கு வெளியே வசந்தா அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சம்பந்தி அம்மா இறங்கி, மருமகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் கையாலேயே சீட்டில் தலைகாணி வைத்து உட்காரவைத்தார். "மெதுவாப் போங்க. இறங்குனதும் போன் பண்ணுங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கேளம்பாக்கம் தாண்டி ஈசிஆர் ரோட்டைப் பிடித்தோம். ஏசி பிரமாதமாக ஓடியது. நான் மனசுக்குள் பாய்க்கு ஒரு சலாம் வைத்தேன். கல்பாக்கம் தாண்டியிருப்போம், பின்னாலிருந்து வளையல்கள் குலுங்கின.

"அம்மா, குளுருதும்மா. ஏசிய ஆஃப் பண்ணச் சொல்லேன்."

"அய்யய்யோ, அணைக்கக் கூடாது!" அக்கா பதறினார். "ஒங்க மாமியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

"அத்தை இங்க இல்லம்மா. அஞ்சு மாசமா கதவ சாத்திக்கிட்டு ஃபேனுக்கு அடியிலயே கெடக்கறேன். எனக்கு நம்ம ஊரு காத்து வேணும். கண்ணாடிய எறக்கு."

திரும்பிப் பார்த்தேன். வசந்தா அக்கா அழுதுகொண்டிருந்தார், அழுதுகொண்டே சிரித்தார். "ஏங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். "ஏழுமலை மேல தப்பு இல்லீங்க. கோழி மேலயும் இல்ல. நான்தான் தெனமும் அந்த மிஷினுக்கு எண்ணெ தடவினேன். நான்தான் எரிச்சேன்."

அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி ரோட்டோரத்தில் நின்றது. இன்றைக்கு நமக்கு இன்னொரு கச்சேரி என்று நான் கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டேன். மலர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, கம்ப்ரஸருக்கா நலங்கு வெச்ச?"

முதலில் வெடித்துச் சிரித்தவர் அண்ணன்தான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஹாரன் தானாக அடித்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்னாடி? நான் என்னா ஒன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்று திரும்பினார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. பிறகு என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "மன்னிச்சிக்கப்பா ஏழுமலை. எம் பொண்ணு சொல்லுதுல்ல, அணைச்சுடு."

ஒரே மாசத்தில் மூன்று காயில் போட்டு, ஊரார் திட்டையெல்லாம் வாங்கி ஓடவைத்த ஏசியை என் கையாலேயே அணைத்தேன். நாலு கண்ணாடியையும் இறக்கினோம். உப்பும் வெயிலுமாகக் கடல் காற்று உள்ளே அடித்தது, வளையல்கள் குலுங்கின, மலர் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மரக்காணம்வரை அப்படியே போனோம். எத்தனையோ ஏசிகளை ஓடவைத்திருக்கிறேன். ஒன்றை அணைத்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.